தொட்டுப் பார்த்த பதினொரு பேர்

17

"வீட்டத் தூக்கிக் கம்பெனிக்காரன் கையில குடுத்துட்டு, உள்ள உக்காந்து செபமாலை உருட்டுறீகளோ மதலேனக்கா?"

விடிந்து காப்பித் தண்ணி கொதிக்குமுன்னே வாசலில் வந்து நின்றது மூக்கம்மாள். இடுப்பில் காய் எடுக்கும் பை, தலையில் பிளாஸ்டிக் தாள். வேலைக்குப் போகிற வழியில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த கோலம்.

"ஏட்டி, காலங்காத்தால என்னா வாயி உனக்கு?" என்று அடுப்படியிலிருந்து மதலேனம்மாள் குரல் கொடுத்தாள். "எங்க வீடுந்தான் போயிருக்கு. நாங்க யாருட்ட போயிக் கத்துறது?"

"உங்க வீட்டுக்குள்ளயே வச்சிருக்கீகள்ல, அவட்ட கத்துங்க. பதியுற அந்த நெட்டுப் பக்கத்தச் செஞ்ச மகராசி உங்க மருமவதான?"

சன்னலோரம் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் ஜின்சிக்குக் காது சுட்டது.

கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. உடும்பஞ்சோலைக்கு மேலே குருசடிமேடு ஏலத்தோட்டம். வேலை ஓய்ந்தவர்கள் லயத்தை, அதாவது கம்பெனி கொடுத்த வரிசை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அங்கே பழைய சட்டம். ஒரு மாதம் ஆபீஸ் முற்றத்தில் மழையில் குந்தியிருந்து போராடியதில் கம்பெனி இறங்கி வந்தது. 'இருக்கிறவர்கள் இருக்கலாம், போகிறவர்கள் போகலாம். எதுவானாலும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அவரவரே பதிய வேண்டும். திங்கள் முதல் புதன் வரை.' வேலையில் இருப்பவர்களும் ஓய்ந்தவர்களுமாக நாற்பத்திரண்டு குடும்பம் பதிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தொரு வீடு 'இருக்கிறேன்'. பதினொரு வீடு 'விட்டுத் தருகிறேன்'.

அந்தப் பதினொரு வீட்டிலும் விட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஆள் ஒருத்தருமில்லை.

ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

"அவ மாமனாரு முப்பத்தி நாலு வருசம் ஏலக்கா ஸ்டோர்ல காய் உலத்துன மனுசன்" என்று மூக்கம்மாள் விடவில்லை. "அவரு பேரே பட்டியல்ல இருக்குன்னா, வேலிதான் பயிர மேஞ்சிருக்கு. கம்பத்துக்குக் குடி போவோம் குடி போவோம்னு உங்க மவன் ஜோமோன் ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டுத் திரியல? அவனே பொண்டாட்டிய வச்சு எல்லா வீட்டுக்கும் சேத்து அமுக்கிட்டான்னு லயமே பேசுது."

உள் அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சுவக்கீன்தான். ஜின்சியின் மாமனார், இந்த வீட்டின் தலைவர். இரண்டு நாளாக அவர் செய்கிற ஒரே காரியம் செருமுவதுதான்.

ஜீப் சாவிக்காக அந்த நேரம் பார்த்து ஜோமோன் உள்ளே நுழைந்தான். வியாழக்கிழமையிலிருந்து அவன் இந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

"வந்துட்டாரு தொர" என்றார் சுவக்கீன், சுவரைப் பார்த்து. "அப்பன் வீட்ட வித்துட்டு ஜீப் ஓட்டப் போறாரு."

"நான் தொடவே இல்லப்பா. எத்தன வாட்டி சொல்றது?"

"தொடாமலா போச்சு?"

"மாதா மேல சத்தியம்."

"மாதாவ இதுக்குள்ள இழுக்காத. அவளாவது இந்த லயத்துல நிம்மதியா இருக்கட்டும்."

ஜோமோன் ஜின்சியைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. 'நீயாவது நம்புறியா?' என்று கேட்கிற பார்வை. அவள் பதில் சொல்வதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பம்மெட்டிலிருந்து வேலையாட்களை ஏற்றிவர ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது.

அந்த வீடு இரண்டே அறை. ஓட்டில் நாலு இடத்தில் ஒழுகும். ஆனால் அது போனால் மாமனாருக்கும் மாமியாருக்கும் போக்கிடம் இல்லை. அது ஜின்சிக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். வீடு திரும்பக் கிடைத்தால்கூட, மகன்தான் பறித்தான் என்ற நினைப்பு போகாவிட்டால் இந்த வீட்டில் இனி அப்பனும் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை.

"சின்னம்மா" என்று எழுந்தாள். "திட்டுறதத் திட்டிக்கிடுங்க. அதுக்கு முன்னாடி உள்ள வாங்க. உங்க போன எடுங்க."

"எதுக்கு? இன்னும் என்னாத்தப் புடுங்கணும்?"

"செவ்வாக்கிழம எப்படிப் பதிஞ்சீகளோ அதே மாதிரி எனக்குச் செஞ்சு காட்டுங்க. இது நெசப் பக்கம் இல்ல. ஒத்திகை. என்ன அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

மூக்கம்மாள் சந்தேகத்தோடு உள்ளே வந்தாள். மடியிலிருந்து போனை எடுத்தாள். மகன் தூக்கிப்போட்டதை எடுத்து வைத்திருக்கிறாள், எட்டு வருடப் பழசு. கண்ணாடியில் ஒரு கீறல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. தோட்டத்து ஆள்பதிவேட்டு எண்ணான செக்ரோல் நம்பரையும் பிறந்த தேதியையும் ஜின்சியே போட்டுக் கொடுத்தாள். திரையில் பெயர் வந்தது. பெயரின் கீழே ஒன்றுமில்லை.

"இதுதான் வந்துச்சா?"

"இதேதான். எம் பேரு மட்டும் வந்துச்சு. எங்கிட்டு அமுக்கணும்னு தெரியல. சரி, தொட்டுப் பாப்போமேன்னு..."

ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த கட்டை விரல் அவள் பெயரின் மேல் மெல்லப் பட்டது. பட்டதுதான் தெரியும். திரை ஒரு தரம் சிமிட்டியது.

'விட்டுத் தருகிறேன். தங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது.'

"பாத்தியா? பாத்தியா?" என்று மூக்கம்மாள் பதறினாள். "நான் அமுக்கவே இல்லடி! காய் பழுத்திருக்கான்னு சரத்துல தொட்டுப் பாப்போம்ல, அந்த மாதிரி தொட்டேன். தொட்டுப் பாத்துட்டுத்தான பறிப்போம்? தொட்டதுமே பறிச்சிருச்சே!"

ஜின்சி தன் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி பெயரின் மேல் போய் நின்றது. அவள் அமுக்கவில்லை, வெறுமனே நிறுத்தினாள். பெயரை மறைத்துக்கொண்டு இரண்டு பொத்தான்கள் விரிந்தன. மேலே 'விட்டுத் தருகிறேன்', கீழே 'இருக்கிறேன்'. அம்புக்குறியை விலக்கினாள். இரண்டும் மறைந்தன.

அவள் போனையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மவுஸுக்கு ஒரு நடுநிலை உண்டு. வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிடலாம். விரலுக்கு அது கிடையாது. பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை. மூக்கம்மாளின் பழைய போன் ஒரே தொடுதலை இரண்டாக எடுத்துக்கொண்டது. 'எட்டிப் பார்க்கிறாள்' என்று பொத்தான்களை விரித்தது. விரிந்ததில் மேல் பொத்தான் விரல் பட்ட இடத்திலேயே வந்து நின்றது. அதே தொடுதலை 'அமுக்கிவிட்டாள்' என்று எழுதிக்கொண்டது.

பக்கத்தைச் செய்தபோது ஜின்சி போனில் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். தன்னுடைய புதுப் போனில் மட்டும் பார்த்தாள். அதில் முதல் தொடுதலுக்குப் பொத்தான் விரிந்தது, இரண்டாவது தொடுதலுக்குப் பதிந்தது. 'ரெண்டு தரம் தொட வேண்டியிருக்கு, பரவாயில்ல' என்று விட்டுவிட்டாள். லயத்தில் யார் யார் கையில் என்ன போன் இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அவளே பத்துப் பேருக்கு அந்தப் பழைய போன்களில் ரேஷன் கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்னாடி, முகம் வெளுத்துப் போச்சு?"

"சின்னம்மா, நீங்க வேலைக்குப் போங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் முத்தத்துக்கு வந்துருங்க. பட்டியல்ல உள்ள மிச்சப் பேரையும் போனோட வரச் சொல்லுங்க."

"வந்தா?"

"வாங்க, சொல்றேன்."

கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்று, கட்டப்பனையில் இணையப் பக்கம் செய்யும் கடைக்குப் போன் போட்டாள். மூன்று பேர் வேலை செய்கிற சின்னக் கடை அது. முதலாளி பின்சி. குருசடிமேட்டுப் பக்கத்தைச் செய்யும் வேலையைக் கம்பெனியிடம் பேசி வாங்கியவள். கல்யாணமாகி மலைக்கு வந்த ஜின்சிக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுத்தவளும் அவள்தான்.

"சேச்சி, தப்பு நம்ம பக்கத்துலதான். அந்தப் பொத்தான ஒளிச்சு வச்சமே, அதுல."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பின்சி குரலைத் தாழ்த்தினாள்.

"எடீ ஜின்சி, நீ ஒண்ணும் மிண்டாதே. வாயத் திறக்காத. நான் இன்னைக்கே பக்கத்தச் சரி பண்ணிடுறேன். பொத்தான வெளிய கொண்டுவந்து வச்சாப் போச்சு. பத்து நிமிஷ வேல."

"பக்கம் சரியாயிரும். பதிஞ்சது?"

"அவங்க கைதான பட்டுச்சு? கைப்பிழைன்னு அபேக்ஷ, ஒரு மனு எழுதிக் குடுக்கட்டும்."

"கைப்பிழைய கம்பெனி ஏத்துக்காதுன்னு நோட்டீஸ்லயே போட்ருக்கு சேச்சி. பக்கத்துல பிழைன்னு நாமதான் சொல்லணும். எது எது விரல் பட்டுப் பதிஞ்சது, எது மவுஸ்ல பதிஞ்சதுன்னு பக்கம் குறிச்சு வச்சிருக்குல்ல? சாவி உங்ககிட்ட இருக்கு. அந்தப் பட்டியல மட்டும் அனுப்புங்க."

"அனுப்பினா நாளைக்கு எவன் எனக்கு வேல தருவான்? உனக்கு எவன் தருவான்? போன்ல சரியாப் பாக்க மூணு நாள் வேணும்னு நீ கேட்ட, நான் குடுக்கல. சரி. என் தப்பு, உன் தப்பு, ரெண்டு பேரும் விழுங்கிட்டு இருப்போம். நான் சொல்றது உன் நல்லதுக்கு."

போன் அணைந்தது. கோழிகள் அவள் காலைக் கொத்தின.

சொன்னால் வேலை போகும். மாதாமாதம் அந்தச் சம்பளத்தில்தான் மாமியாருக்குக் கண் மருந்து, வீட்டுக்கு அரிசி. சொல்லாவிட்டால் பதினொரு வீடு போகும், புருஷன் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பார்களே, அந்த மாட்டிடம் அகப்பட்டது போலிருந்தது.

"யாருகிட்டத்தா பேசுன?"

மதலேனம்மாள் கோழிக்குத் தவிடு கொண்டுவந்து பின்னால் நின்றிருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்குறேன். புதன்கிழமை நீங்க எப்படிப் பதிஞ்சீங்க?"

"அதத்தான் நானும் ரெண்டு நாளா ரோசிக்கிறேன். நீயும் நானும் நெடுங்கண்டத்துக்குக் கண் ஆசுபத்திரிக்குப் போயிட்டு மத்தியானம் வந்தமா? சொட்டு மருந்து விட்டுருந்தாக. கண்ணுல எல்லாம் பாசி புடிச்ச மாதிரி. நம்பரப் போட்டேன். தொட்டேன். ரெண்டு பொத்தான் வரும், கீழ உள்ளத அமுக்குன்னு உங்க மாமா சொல்லியிருந்தாக. ரெண்டும் வரல. 'பதிவாகி'ன்னு மட்டும் வந்துச்சு. ஆண்டவரே ஸ்தோத்திரம்னு சிலுவை போட்டு வச்சுட்டேன்."

அதேதான். மூக்கம்மாளுக்கு வந்ததேதான். ஜின்சிக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

"அத்தை, உங்க மகன் ஒண்ணும் பண்ணல. நீங்களும் பண்ணல. நான்தான்."

சொல்லி முடித்தபோது மதலேனம்மாள் தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டு வரும் என்று ஜின்சி நின்றாள்.

"ஆபீஸ்ல போயி எல்லார் முன்னாலயும் சொல்லப்போறியா?"

"சொன்னா வேலை போயிரும் அத்தை."

"அது கேக்கல. சொல்லப்போறியா?"

"...ம்."

"அப்பச் சோறு தின்னுட்டுப் போ. வெறும் வயித்துல உண்மையப் பேசினா மயக்கம் வரும். எங்க ஆத்தாளுக்கு வந்துருக்கு."

சுவக்கீன் முன்வாசல் படியில் உட்கார்ந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை ஜின்சி செய்த வாரம் முழுக்கப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் அவர். மவுஸை 'உன் எலி' என்பார். பெயரின் மேல் அம்புக்குறி நின்றதும் பொத்தான் விரிவதைப் பார்த்து, "அட, தொடாமலே காட்டுதே! எங்க பழைய தொர மாதிரில்ல இருக்கு, கண்ணக் காட்டினாப் போதும்" என்று சிரித்தார். எலியைத் தன் கையில் வாங்கி நாலு தரம் நகர்த்தியும் பார்த்தார்.

"மாமா" என்று அவர் முன் நின்றாள். "ஜோமோன் மேல தப்பில்ல. பக்கத்துல பிழை. அத்தை தொட்டதும் தானாப் பதிஞ்சிருக்கு. சாயங்காலம் ஆபீஸ்ல சொல்லப்போறேன்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். குடைக்கம்பி அவர் கையில் மடங்கியது.

"எல்லா வீட்டுக்குமா?"

"பதினொண்ணுக்கும்."

"பத்துக்குச் சொல்லு" என்றார். "ஊர்க்காரன் வீட்டக் காப்பாத்து. புண்ணியம். நம்மத அதுல சேக்காத."

"ஏன் மாமா?"

"மருமவ செஞ்ச பக்கம், மாமனார் வீட்டுக்குச் சாட்சி சொல்றான்னு பேசுவானுக. வேணாம்."

"ஜோமோன் மேல பழி நிக்குமே மாமா."

"அவனுக்குக் கம்பத்துக்குப் போகணும்னுதான ஆச? பழியோட போகட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ரோசக்கார மனுஷன் என்று ஜின்சி நினைத்துக்கொண்டாள். ரோசம்தான் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் தூறல். பதினொரு வீட்டு ஆட்களும், வேடிக்கைக்கு இருபது பேரும். கூட்டத்துக்குப் பின்னால் ஜீப்பில் சாய்ந்தபடி ஜோமோன். அவன் மேல் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று மதலேனம்மாள் அவன் பக்கத்திலேயே நின்றாள். சுவக்கீன் ஆபீஸ் தூணோரம் குடைக்குக் கீழே.

மேனேஜர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர் பிச்சைமணி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"என்னம்மா, பக்கம் செஞ்சவங்களே பக்கம் தப்புன்னு சொல்றீங்களாமே?"

"ஆமா சார். என் தப்பு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஜீப்பில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

ரைட்டரின் கணினியில் மவுஸை வைத்துக் காட்டினாள். நிறுத்தினால் விரியும், விலக்கினால் மறையும். பிறகு மூக்கம்மாளின் போனை மேனேஜர் கையிலேயே கொடுத்தாள்.

"உங்க விரலாலேயே தொடுங்க சார். அமுக்க வேண்டாம். தொட்டாப் போதும்."

மேனேஜர் தொட்டார். 'விட்டுத் தருகிறேன். தங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது.'

"மேனேஜர் பங்களா போச்சு!" என்று மூக்கம்மாள் கையைத் தட்டினாள். "சாமான்செட்டக் கட்டுங்க சார், ஜோமோன் ஜீப்புல ஏத்தி விடுறோம்!"

முற்றமே சிரித்தது. மேனேஜருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. உடனே இறுகியது.

"இது ஒத்திகை. அன்னைக்கு இப்படித்தான் நடந்ததுன்னு நான் எப்படி மேலிடத்துக்கு எழுதறது? தெரிஞ்சே விட்டுத் தந்தவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருக்கலாம் இல்ல? எழுத்துல ஆதாரம் வேணும். அஞ்சு மணிக்குள்ள."

ஜின்சி போனை எடுத்தாள். பின்சியைக் கூப்பிட்டாள். எல்லாரும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டாள்.

"சேச்சி, நான் ஆபீஸ் முத்தத்துல நிக்கிறேன். சொல்லிட்டேன். இனி விழுங்க ஒண்ணுமில்ல. பட்டியல அனுப்புங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அனுப்பறேன். திங்கக்கிழமைல இருந்து நீ வேலைக்கு வேண்டாம், ஜின்சி."

"சரி சேச்சி."

"...மடிக்கணினி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் பின்சி. குரல் உடைந்தது மாதிரி இருந்தது. அணைத்துவிட்டாள்.

மதலேனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோமோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து ஜின்சிக்குப் பின்னால் நின்றான். மழை விழாமல் தன் சட்டைக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

பட்டியல் வரும்போது மணி நாலு ஐம்பது.

"நீயே வாசி" என்றார் மேனேஜர். "விரல் பட்டுப் பதிஞ்சதெல்லாம் பிழைன்னு எழுதி 'இருக்கிறேன்'னு மாத்த நான் சம்மதிக்கிறேன். பிச்சைமணி, எழுதிக்கோங்க."

ஜின்சி வாசித்தாள்.

"செக்ரோல் நூத்தி நாலு, மூக்கம்மாள். செவ்வாய் காலை ஏழு பத்து. விரல்."

"என் சாமி!" என்று மூக்கம்மாள் தலைக்கு மேல் கையைக் குவித்தாள்.

"நூத்திப் பதினெட்டு, ராமுத்தாய். திங்கள் மாலை. விரல்."

"நூத்தி இருபத்தி ரெண்டு, சங்கையா. செவ்வாய். விரல்."

ஒவ்வொரு பெயருக்கும் முற்றத்தில் ஒரு மூச்சு விடுபட்டது. ஒரு கிழவர் மழையில் அப்படியே மண்டியிட்டார். ரைட்டரின் பேனா ஓடியது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்றாவது வரிக்கு ஜின்சியின் கண் போயிற்று. வாய் போகவில்லை.

செக்ரோல் நூற்று நாற்பது. சுவக்கீன். புதன் காலை பதினொன்று இருபது. மவுஸ்.

அவள் திரும்ப வாசித்தாள். மவுஸ். அன்றைக்கு மத்தியானம் அத்தை தொட்டபோது 'பதிவாகி' என்று வந்தது பதிவானதால் அல்ல. ஏற்கெனவே பதிவாகிவிட்டிருந்தது. சொட்டு மருந்துக் கண்ணுக்கு மிச்ச வார்த்தை தெரியவில்லை.

வரியின் கடைசியில் எந்த இணைப்பிலிருந்து என்ற எண் இருந்தது. அந்த எண்ணை அவள் தினமும் பார்க்கிறாள். சன்னலோர மேசைக்கு ஜோமோன் கூரை வழியாக இழுத்துக் கொடுத்த இணையக் கம்பியின் எண் அது.

புதன் காலை பதினொன்று இருபதுக்கு அவளும் அத்தையும் நெடுங்கண்டத்தில். ஜோமோன் கம்பத்தில், அங்கிருந்து அவளுக்குப் போன் போட்டான், மாதுளம்பழம் வாங்கவா என்று கேட்டான். வீட்டில் இருந்தவர் ஒருத்தர்தான்.

தொடாமலே காட்டுதே என்று சிரித்தவர்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் ரைட்டர். "பதினொண்ணு சொல்லு. மணி ஆச்சு."

வாசித்தால், மேசை அவளுடையது, மவுஸ் அவளுடையது. லயத்தில் வேறு மவுஸ் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அமுக்கினார்கள் என்று மூக்கம்மாள் காலையில் சொன்னதே நிஜமாகும். 'விரல்' என்று ஒரு பொய் சொன்னால் வீடு நிற்கும். ஆனால் பட்டியல் மேனேஜர் கைக்குப் போகும், அந்தப் பொய்யோடு சேர்த்துப் பத்து வீட்டையும் கிழித்துவிடுவார்கள். ஆபீஸில் இரண்டு மவுஸ் இருக்கிறது. இங்கே எவனோ செய்தான் என்று கை காட்டினால் இந்தக் கூட்டம் நம்பும். மழையில் ஒரு மாதம் குந்தியிருந்த கூட்டம் அது, நம்பக் காத்திருக்கிற கூட்டம். ஆனால் வரியின் கடைசி எண் அந்தப் பொய்யையும் காட்டிக் கொடுத்துவிடும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நூத்தி நாப்பது..." என்று ஆரம்பித்தாள். நின்றாள்.

பின்னால் பிளாஸ்டிக் தாளைப் பிடித்திருந்த ஜோமோனின் கை அசைந்தது. அவனும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "ஜின்சி..." என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "இது நான் இல்ல."

"தெரியும்" என்றாள்.

தூணோரம் குடை மடங்கும் சத்தம் கேட்டது. கம்பி வளைந்த குடை, முழுசாக மடங்க மறுத்தது.

"வாசிம்மா" என்றார் சுவக்கீன். "நிறுத்தாத. உள்ளத உள்ளபடி வாசி."

முற்றம் திரும்பிப் பார்த்தது. இரண்டு நாளாகச் செருமிய மனுஷன் தெளிவாகப் பேசினார்.

"அது விரல் இல்ல, சார். எலி. நான்தான் அமுக்குனேன். மேல உள்ளது, கீழ உள்ளது ரெண்டையும் நல்லாப் படிச்சுட்டு, தெரிஞ்சேதான் மேல உள்ளத அமுக்குனேன். எம் மகனத் திட்டுனது பொய்."

ரைட்டரின் பேனா நின்றது.

மதலேனம்மாள் ஜீப்போரம் தனியாக நின்றாள். நாற்பது வருடம் அவரோடு அந்த இரண்டு அறையில் இருந்தவள். அவள் கத்தவில்லை. கண் மருந்தின் கலக்கம் இன்னும் போகாத கண்களைச் சுருக்கி அவர் முகத்தைத் தேடினாள்.

"எதுக்குங்க?" என்று கேட்டாள்.

சுவக்கீன் அவளைப் பார்க்கவில்லை. வராந்தாவில் நாற்காலியில் இருந்த மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சட்டென்று தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்டோரில் ஐந்து மணி அடித்தது.

(தொடரும்)